பாலத்துப் புனித யோவானின் கால்

வியன்னா செங்கல் சூளை, மார்ச்

அன்புள்ள ரொசாலியா,

நீயும் குழந்தைகளும் மாடும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். என் இருமல் நின்றுவிட்டது.

மலையில் பனி ஒரேயடியாக உருகுகிறதாம். ஆறு நம் சந்தைத் திடலை மூன்று பக்கமும் வளைத்திருப்பதை நினைத்தால் தூக்கம் வரவில்லை. பாலத்துப் புனித யோவான் சிலையின் கால் நனைந்தால்தான் நம் ஊர் மேட்டுக்கு ஏறும். ஆனால் போன கோடையில் பாலத்தைப் பழுதுபார்த்தபோது, சிலையை இடுப்பளவு உயர்த்தி வைத்துவிட்டார்கள். இனி அந்தக் கால் நனையும்போது நம் வீட்டுக் கட்டில் மிதக்கும்.

சூளையில் நம்மூர் வாவ்ரினிடம் சொன்னேன்.

"அட மத்தோஷ், ராஜா ஆத்துல தள்ளிக் கொன்ன சாமிடா அது. தண்ணி எப்ப வரும்னு அதுக்குத் தெரியாதா? பொண்டாட்டி நெனப்பு வந்துடுச்சுன்னு நேரா சொல்லேன்!" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

ரொசாலியா, சிலையைப் பார்த்துக்கொண்டு நிற்காதே. பிள்ளைகளோடு தேவாலய மேட்டுக்கு ஏறிவிடு. மாடு வர மறுத்தால் விட்டுவிடு. உன் அண்ணன் கேலி செய்தால் செய்யட்டும். என் பழைய கோட்டை நம் சின்னவன் டோனிக்குப் போர்த்திவிடு, மேலே குளிரும். அங்கிருந்து ஒரு வரி எழுது, போதும்.

தபால் ரயில் புறப்படப் போகிறது. இந்தக் கடிதத்தை மடித்து வைக்கக்கூட நிற்காதே. கிளம்பு.

உன் மத்தோஷ்