செல்லோ தாளில் வெள்ளை மை

அன்புள்ள அப்பாவுக்கு,

எல்லோரும் தூங்கியபின் போர்வைக்குள் எழுதுகிறேன். காலையில் லண்டன் ஸ்டுடியோவுக்குக் கிளம்பும் முன் படித்துவிடுங்கள். படித்ததும் என்னை எழுப்ப வேண்டாம், பயமாக இருக்கிறது.

'விண்காவலர்' தொலைக்காட்சித் தொடருக்கு நீங்கள் போட்ட பழைய மெட்டை இப்போது உங்கள் உதவியாளர் டாம்சின் புதிதாக அமைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை நம் பியானோவில் வாசித்துக் காட்டினாரே. நீங்கள் டிரம்பெட்டுகளுக்குக் கொடுத்ததை அவர் ஒற்றைச் செல்லோவின் தந்திகளுக்குக் கொடுத்திருந்தார்.

"அடிப்பாவி, என் மெட்டுக்கு அழத் தெரியும்னு எனக்கே தெரியாதே!" என்றீர்கள்.

"உங்க பொண்ணு என்னை எப்படி முறைக்கிறா பாருங்க," என்று அவர் சிரித்தார்.

"அவ அப்படித்தான், விடும்மா."

அதே மெட்டை நானும் வேறு மாதிரி எழுதி, ஈஸ்டர் விடுமுறையில் உங்களிடம் கொடுத்தேன். "அப்புறம் பாக்கறேன்டா" என்றீர்கள். இன்னும் பார்க்கவில்லை.

இன்று, நாளைய ஒலிப்பதிவுக்கு வரும் வாத்தியக்காரர்களின் இசைத்தாள்களை உறைகளில் அடுக்கச் சொன்னீர்கள். அவர்கள் ஒத்திகை பார்க்க மாட்டார்கள், எதிரில் இருப்பதை அப்படியே வாசிப்பார்கள். செல்லோ தாளின் மூன்றாவது வரியில், சுரத்தை அரைப்படி உயர்த்தும் ஷார்ப் குறி ஒன்றை வெள்ளை மையால் மறைத்துவிட்டேன். தொண்ணூறு பேர் முன்னால் அபசுரம் ஒலித்து, டாம்சின் முகம் சிவக்க வேண்டும் என்று நினைத்தேன்.

சுரண்டினால் தாள் கிழிகிறது. நீங்களே பேனாவால் குறியைப் போட்டுவிடுங்கள். அவரிடம் மட்டும் சொல்லாதீர்கள்.

எந்த இடத்தைக் கெடுப்பது என்று நான் தேடவே இல்லை. எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். நீங்கள் எழுதியதில் அது இல்லை. நான் எழுதியதிலும் இல்லை.

உங்கள் மகள்