முதலில் தம்பி, அப்புறம் ஆடு

பாப்பாவின் அப்பாவுக்கு வணக்கம்.

நான் சுகம். உங்கள் முதுகுவலி குறைந்ததா? பையனும் பாப்பாவும் வேளைக்குச் சாப்பிடுகிறார்களா?

இங்கே ஆற்றோரத் தெருக்களில், வெள்ளம் வந்தால் குழந்தைகளுக்கு என்ன ஆபத்து என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுகிறோம். போன வாரம் ஒரு வீட்டுச் சிறுமியிடம், "தண்ணி வந்தா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"அப்பா பரண்ல ஏத்துவாரு. முதல்ல தம்பி, அப்புறம் ஆடு, அப்புறம் நான்."

அவள் அம்மா சிரித்தாள். "ஆடு கத்தி ஊரைக் கூட்டும்ங்க. இவ கத்த மாட்டா, சமத்து."

எங்கள் மேலாளர், "பரண் இருக்குல்ல? பாதுகாப்பான வீடுன்னு போடும்மா" என்றார். அப்படியே போட்டேன்.

வெள்ளிக்கிழமை வெள்ளம் வந்தது. பயப்படாதீர்கள், என் அறை மாடியில்தான். வடிந்தபின் அந்த வீட்டுக்குப் போனேன். தம்பி பிழைத்துவிட்டான், ஆடும் பிழைத்துவிட்டது. அவள் உடலைப் பாலத்தடியில் எடுத்தார்களாம்.

"அவ கூப்பிடவே இல்லைங்க" என்றாள் அம்மா, மகள்மேல் குறை சொல்வதுபோல.

என் பழைய போர்வையை அனுப்பிவையுங்கள். துவைக்காமலே, வீட்டு வாசனையோடு அனுப்புங்கள், இங்கே தூக்கம் பிடிக்கவில்லை.

வேலைக்குப் போகும் வண்டி வந்துவிட்டது. பாப்பாவை இந்த வாரமே நீச்சல் வகுப்பில் சேர்த்துவிடுங்கள். பையனுக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் மனைவி