ஐந்து வெள்ளை, ஒரு பச்சை

திருவண்ணாமலை,
20-12-1981

என் அன்புச் சரோஜாவுக்கு,

மணி எழுதுகிறேன். நானும் வீட்டுக்காரரும் சௌக்கியம். கடையில் தைக்கும் திரௌபதி, ஆராயி இருவரும் சௌக்கியம். அங்கே நீ, உன் வீட்டுக்காரர், குழந்தை வேதா மூவரும் நன்றாக இருக்கவேண்டும். மாற்றலாகி மெட்ராஸ் போன இந்த இரண்டு வருஷத்தில் உன் கடிதங்கள் தந்தி அளவுக்குச் சுருங்கிவிட்டன. கோபித்துக்கொள்ளாதே, உள்ளதைச் சொன்னேன்.

தீபத்துக்கு இந்த வருஷம் நல்ல கூட்டம். சின்னக்கடைத் தெருவில் கால் வைக்க இடமில்லை. மறுநாள் காலை மெட்ராஸிலிருந்து வந்த ஓர் அம்மாள் நம் போர்டைப் பார்த்துவிட்டுப் படியேறி வந்தாள். "மண்ணாங்கட்டின்னு கடைக்குப் பேரு வெப்பாங்களா? இன்னாத்துக்கும்மா இந்தப் பேரு?" என்று கேட்டாள். வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன்.

"என் சிநேகிதிக்கு ரெண்டு பிள்ளைங்க தங்கலைங்க. மூணாவதா பொறந்த பொண்ணுக்கு மண்ணாங்கட்டின்னு பேரு வெச்சாங்க. மட்டமா பேரு வெச்சா கண்ணு படாது, பிள்ளை நிக்கும்னு நம்பிக்கை. மொத பொறந்த நாளுக்கு நான்தான் கவுன் தெச்சேன். அஞ்சு வெள்ளை பட்டன், ஒண்ணு மட்டும் பச்சை. குறை ஒண்ணு இருக்கட்டும்னு வெச்சேன். அதைப் பாத்துட்டு ஊர்ல ஆளாளுக்கு அதே மாதிரி கேட்டாங்க. நாங்க ரெண்டு பேரும் அந்தப் பேர்லயே கடை போட்டுட்டோம்."

அந்த அம்மாள் சிரித்தாள். "எங்க பாப்பா போட்டிருக்கறதுகூட உங்க கவுன்தான். பச்சையைக் காணோமே" என்றாள். குழந்தையைத் திருப்பிப் பார்த்தேன். கழுத்துக்குள் நம் லேபிள் இருந்தது. முதுகில் ஆறு பட்டன், ஆறும் வெள்ளை. தீபாவளிக்கு மெட்ராஸில் வாங்கினாளாம்.

சரோஜா, தீபாவளிக்கு அனுப்பிய இருநூறு கவுனிலும் பச்சைப் பட்டனை நானே பார்த்துத்தான் மூட்டை கட்டி பஸ்ஸில் போட்டேன். உன் வீட்டுக்கு வந்து, விற்பதற்காக நீ அங்கே ரெடிமேட் கம்பெனியில் கொடுத்தவை. நடுவில் என்ன ஆயிற்று? உடனே எழுது.

உன்,
மணி

---

மெட்ராஸ்,
29-12-1981

அன்புள்ள மணிக்கு,

சரோஜாவின் ஆசை விசாரிப்புகள். வேதா ஒன்பதாவது நன்றாகப் படிக்கிறாள். இவருக்குத்தான் ஆபீஸில் வேலை ஜாஸ்தி.

கவுன் விஷயத்துக்கு நீ இவ்வளவு பதற வேண்டாம். இங்கே வாங்குகிறவர்களுக்கு நம் பச்சைப் பட்டன் புரியவில்லை. பட்டன் தெறித்து, கிடைத்ததை வைத்துத் தைத்துவிட்டார்கள் என்று நினைத்துத் திருப்பிக் கொண்டுவந்தார்களாம். அதனால் கம்பெனியில் அவர்களே ஆள் வைத்து மாற்றியிருக்கிறார்கள். நீ வருத்தப்படுவாய் என்று நான் எழுதவில்லை.

இன்னொன்று. நம் கவுனின் வெட்டு கம்பெனிக்காரர்களுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. கடையை அவர்களே எடுத்துக்கொள்கிறார்கள். பேர் மட்டும் மாறும், ஏதோ பூவின் இங்கிலீஷ் பேர் வைப்பார்கள். நீங்கள் மூவரும் எப்போதும்போல அங்கேயே உட்கார்ந்து தைக்கலாம். கடை நம் இருவர் பேரிலும் இருப்பதால் இருவரும் கையெழுத்துப் போடவேண்டும். இத்துடன் வைத்திருக்கும் காகிதத்தில் நான் போட்டுவிட்டேன். கீழே நீ போட்டுப் பொங்கலுக்குள் அனுப்பு.

காலம் மாறிக்கொண்டே போகிறது மணி. நாமும் கொஞ்சம் மாறலாம்.

உன் அன்பு,
சரோஜா

---

திருவண்ணாமலை,
7-1-1982

சரோஜாவுக்கு,

நலம் விசாரிக்க இன்று மனம் வரவில்லை.

அந்த அம்மாளிடம் புதுக் கவுன் ஒன்றைக் கொடுத்து, குழந்தை போட்டிருந்ததைக் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். உன் கடிதம் வந்ததும் எடுத்து வாசல் வெளிச்சத்தில் பார்த்தேன். நாங்கள் எல்லோரும் பட்டனுக்கு அடியில் நூலை வலப்பக்கமாகச் சுற்றுவோம். இதில் இடப்பக்கமாக மூன்று சுற்று, ஓரத்தில் முடிச்சு. ஆராயியிடம் ஒன்றும் சொல்லாமல் நீட்டினேன். "இது சரோஜாக்கா கையாச்சே. இடது கையால யாரு தெப்பாங்க?" என்றாள்.

பத்து வருஷம் எதிரெதிரே உட்கார்ந்து தைத்தோம். கம்பெனியில் ஆள் வைத்து மாற்றினார்கள் என்று எனக்கே எழுதுகிறாய். இருநூறு பச்சைப் பட்டனை உன் கையால் அறுத்திருக்கிறாய். உன் பிள்ளை நிலைக்கவேண்டும் என்று நான் வைத்தது அது. உனக்கு எப்படி மனம் வந்தது?

உன் காகிதம் கத்தரிக்கோலுக்கு அடியில் இருக்கிறது. பொய்க்குக் கீழே என் பேரை எழுத மாட்டேன். நிஜத்தை எழுது.

மணி

---

மெட்ராஸ்,
18-1-1982

மணிக்கு,

ஆமாம், என் கைதான். வேதா பள்ளிக்கூடம் போனபிறகு பதினோரு நாள் பகலில் உட்கார்ந்து மாற்றினேன். கம்பெனி கேட்டதால் மாற்றினேன். ஆனால் கம்பெனியைத் தேடிப் போனது நான்தான். "பேரை மாத்தி நீங்களே எடுத்துக்குங்க" என்று கேட்டேன். "பட்டனைச் சரி பண்ணிக் குடுங்க, தீபாவளிக்கு ஓடுதா பாக்கலாம்" என்று சொன்னார்கள்.

ஏன் என்று கேட்கிறாய். போன ஆடி மாசம் வேதா டிபன் டப்பாவை மறந்துவிட்டுப் போனாள். இவர் எடுத்துக்கொண்டு போய், பள்ளிக்கூட வாசலில் நின்று, வீட்டில் கூப்பிடுகிற மாதிரியே "ஏ மண்ணாங்கட்டி" என்று கூப்பிட்டுவிட்டார். அத்தனை பெண்களும் கேட்டார்கள். அடுத்த வாரம் ஒருத்தி தன் தங்கை கவுனிலிருந்து நம் லேபிளைக் கத்தரித்துக் கொண்டுவந்து, வேதாவுக்குத் தெரியாமல் அவள் முதுகில் ஊக்கு குத்தி மாட்டியிருக்கிறாள். வீடு வரை அதோடு நடந்து வந்தாள் மணி. தெருவில் எல்லோரும் ஏன் சிரிக்கிறார்கள் என்றே அவளுக்குத் தெரியவில்லை. நான்தான் எடுத்தேன். நாலு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. "அந்தக் கடையை மூடும்மா, இல்லன்னா நான் படிக்கலை" என்றாள்.

உனக்கு அது போர்டில் இருக்கிற பேர். அவள் அதைச் சுமந்துகொண்டு வகுப்புக்குள் நுழையவேண்டும். உன்னிடம் சொன்னால் பேரைப் பற்றி எனக்கே பாடம் நடத்துவாய். இதெல்லாம் பெற்றவளுக்குத்தான் தெரியும். பிள்ளை இல்லாதவளிடம் என்னவென்று எழுதுவேன்?

கையெழுத்துப் போட்டு அனுப்பு.

சரோஜா

---

திருவண்ணாமலை,
10-2-1982

சரோஜாவுக்கு,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். பிள்ளை இல்லாதவள் என்று எழுதிய வரியை நீ அடித்துவிடவும் இல்லை. வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டவில்லை.

அந்த லேபிளை வெட்டி, மடித்து, கழுத்தில் வைத்துத் தைத்தவள் நான். அது அவள் முதுகில் போய்க் குத்தும் என்று நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

காகிதத்தைக் கையெழுத்தில்லாமல் திருப்பி அனுப்புகிறேன். உன்மேல் வீம்பு இல்லை. பிள்ளை நிலைக்கவேண்டும் என்று வைத்த பேர் அது, இன்னொருத்தர் விலைக்கு வாங்கி மாற்றுகிறதற்கில்லை. பிள்ளை நிலைத்துவிட்டாள். பேருக்கு இனி வேலை இல்லை. தைப்பூசத்தோடு நிறுத்தப் போகிறோம் என்று சொன்னதும் அடி அண்ணாமலையிலிருந்தெல்லாம் வந்துவிட்டார்கள். ஒருத்தி தன் பிள்ளைக்கு ஐந்து வயசு வரைக்கும் அளவு அளவாக வாங்கினாள். இன்னொருத்திக்கு இன்னும் பிறக்கவே இல்லை, வயிற்றில் கையை வைத்துக்கொண்டு பச்சைப் பட்டன் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து எடுத்தாள். ஆராயி பில் போடாமல் அழுதுகொண்டிருந்தாள். நேற்று போர்டை இறக்கினோம். ஒரு பள்ளிக்கூடத்து யூனிஃபார்ம் ஆர்டர் வந்திருக்கிறது, நாங்கள் மூவரும் பிழைத்துக்கொள்வோம்.

எனக்கு ஒன்றுதான் ஆறவில்லை. வேதா அழுகிறாள் என்று ஒரு கார்டு போட்டிருந்தால் அன்றைக்கே நான் போர்டை இறக்கியிருப்பேன். அது உனக்குத் தெரியாமல் போய்விட்டது. இதற்குப் பதில் எழுத வேண்டாம். எனக்குக் கொஞ்ச நாள் வேண்டும், அது எவ்வளவு நாள் என்று சொல்லத் தெரியவில்லை.

மாசியில் வேதாவுக்குப் பதினைந்து முடிகிறது. இத்துடன் ஒரு பாவாடையும் சட்டையும் வைத்திருக்கிறேன். அளவு கேட்கவில்லை, போன லீவுக்கு வந்தபோது பார்த்த கண்ணளவுதான். லேபிள் இல்லை. சட்டையில் ஆறு பட்டன், ஆறும் வெள்ளை. ஆறாவது இடத்தில் பச்சையை ஒரு தரம் வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துவிட்டேன்.

அவள் போட்டுக்கொண்டதும் உப்பும் மிளகாயும் எடுத்து மூன்று தரம் சுற்றி அடுப்பில் போட்டுவிடு. இத்தனை வருஷம் அந்த வேலையைப் பச்சைப் பட்டன் பார்த்தது. இனி நீ மறக்காமல் செய்யவேண்டும்.

இப்படிக்கு,
அ. மணியம்மாள்