உன் ரத்தத்திலும் பாய் மாட்டிலும் ஒரே கிருமி

என் செல்ல அண்ணனுக்கு,

நீ போய்ச் சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. பெருங்களத்தூர் வீட்டில் உன் மாடுகளை அண்ணிதான் பார்த்துக்கொள்கிறாள்.

மூன்று மாடுகள் ஏழாம் மாதத்திலேயே சினை கலைந்து கன்று வீசியபோது, பின்பக்கத்து பஷீர் பாய்தான் தண்ணீர்த் தொட்டியில் எதையோ கலந்துவிட்டார் என்றாய். நானும் நம்பினேன். விட்டுவிட்டு வந்த காய்ச்சல் உன் இதயத்தைத் தின்ற பிறகு இன்னும் நம்பினேன்.

போன மாதம் பாயின் மாடும் கன்று வீசியது. நடிக்கிறார் என்றுதான் நினைத்தேன். நான் வேலை பார்க்கும் லேப் ஆட்களைக்கூட நம்பாமல் நானே போய் மாதிரி எடுத்தேன். நீ படுத்திருந்தபோது உன் ரத்தத்திலிருந்து வளர்த்து வைத்திருந்த கிருமி, நம் மாட்டுக் கிருமி, அவர் மாட்டுக் கிருமி, மூன்றின் மரபணுவையும் முழுதாகப் படிக்க வெளிநாட்டுக்கு அனுப்பினோம். எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான்; மாட்டைக் கன்று வீசவைத்து, மனுஷனுக்குக் காய்ச்சலாக ஒட்டுகிற கிருமி. குழாய் மாறியிருக்குமோ என்று மறுபடி அனுப்பினேன். அதே பதில். ஆனால் யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று அதில் இல்லை.

நம் தொழுவத்துக்கு அது எப்படி வந்தது என்று அண்ணியைக் குடைந்தேன். "நம்மகிட்ட முதல்ல வீசுச்சே, அந்தச் செவலை மாடு, அது கூடுவாஞ்சேரியிலயே கன்னு வீசின மாடு. தெரிஞ்சுதான் வாங்கினார். சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டார்" என்றாள்.

இங்கே அது மறுபடி வீசியதும், பாலாவது சுரக்கட்டும் என்று வழக்கப்படி இளங்கொடியை, கன்றோடு விழுந்த நஞ்சுக்கொடியை, வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டினாயாம். வெறுங்கையால். நாய்கள் அதை இழுத்துப் போட்ட இடத்தில்தான் பாயின் மாடு மேய்கிறது. அண்ணா, கையையாவது கழுவினாயா?

இப்போது பாய்க்கும் சாயங்காலமானால் காய்ச்சல், மூட்டு வலி. டைபாய்டு என்று நினைத்து மாத்திரை தின்கிறார். சோதிக்க ரத்தம் கொடுங்கள் என்று கேட்டேன்.

"உங்க அண்ணன் என்னை விஷம் வெச்சவன்னு தெருவுல நின்னு சொன்னாரும்மா. இப்ப நீ வந்து என் ரத்தத்துல இன்னா தேடப் போற?"

பதில் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். உன் பேர் கெடுமே என்று பயம். எனக்கே வெட்கமாக இருக்கிறது.

நாளைக் காலை போகிறேன். "பாய், நோய் எங்க தொழுவத்துலேர்ந்துதான் வந்திருக்கணும். அண்ணன் தெரிஞ்சே மறைச்சிடுச்சு" என்று அதே தெருவில் நின்று சொல்வேன். நீ கோபித்துக்கொள். ரத்தம் எடுக்க அவர் கை நீட்டும்வரை அங்கிருந்து நகரமாட்டேன். உன்னைக் கொன்றது அவரையும் கொல்ல விடமாட்டேன்.

உன்னை இன்னும் நேசிக்கிற,
உன் ஒரே தங்கை
செல்வி