ஓட்டைப் பானை ஸ்பீக்கர்

14 ஜூலை 1991, ஞாயிறு

நான் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். சைக்கிளில் ஸ்பீக்கர் கட்டி விளம்பரம் செய்வதுதான் எனக்கிருந்த ஒரே வழி. நாளை அண்ணனூரில் முதல் வேலை. சத்தம் கணீரென்று வரட்டும் என்று ஸ்பீக்கரை மண்பானை வாயில் பொருத்தி, ஒயர் போகப் பானையில் ஓட்டை போட்டேன். சாயங்காலம் வாசலில் பாட்டுப் போட்டுப் பார்த்தேன். அம்மா ஓடி வந்தாள்.

"உங்கப்பா படுத்த படுக்கையா கீறாரு. சுடுகாட்டுல ஒடைக்கிறா மாதிரி ஓட்டைப் பானைய ஊட்டாண்ட வச்சிகினு கீறியே, பாவி!"

பானையைப் பிடுங்கித் தரையில் அடித்தாள். ஸ்பீக்கரும் கிழிந்துவிட்டது. வேறு வாங்க வழியில்லை. நாளை என்ன செய்வேன்?

பல நாளாக வாய் திறக்காத அப்பா உள்ளேயிருந்து கேட்டார்: "இன்னாடா, பாட்ட நிறுத்திட்ட? நல்லா கீது, வையி."

விளக்கை அணைக்கப் போனேன். மறுபடியும் கேட்கிறார்.