நீலக் கதவும் மாமாவின் கண்ணாடியும்

அனுப்புநர்:
மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை பொருத்தும் பெண். ஒரு வீட்டின் மருமகள்.
(பெயரும் முகவரியும் ஒட்டிய உறையில் தனியே உள்ளன. தங்களைத் தவிர எவரும் பிரிக்க வேண்டாம்.)

பெறுநர்:
தனிநபர் தகவல் பாதுகாப்பு அலுவலர் அவர்கள்.

பொருள்: ஏ.ஐ. உரையாடல் செயலி, ஒருவர் தனியே சொன்னதை அதே வீட்டில் மற்றவரிடம் வெளியிடுவது – உடனடி நடவடிக்கை வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் வீட்டில் மாமா, அத்தை, என் கணவர், நான் என நால்வர். கூடத்து டேப்லெட்டில் மேற்படி செயலியை ஏற்றிய என் கணவர், "வீட்டுக்கு ஒரு கணக்கு போதும், ஆளுக்கொண்ணு எதுக்கு?" என்று எல்லோரையும் ஒன்றில் சேர்த்துவிட்டார். மாமா அதற்கு வாயாடி என்று பெயர் வைத்தார். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

2. விடுமுறை நாட்களில், மதியம் வீடு கண்ணயர்ந்த பிறகு, அதனிடம் ஓர் அறையைப் பற்றி எழுதி வந்தேன். அப்படியோர் அறை எங்கும் இல்லை. கதவு நீலம். உள்ளே ஒரு நாற்காலி, ஒரு ஜன்னல். தரையில் விழும் வெயில் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும். அங்கே என்னை யாரும் கூப்பிட மாட்டார்கள். நான் மருமகளும் இல்லை, மனைவியும் இல்லை, வெயிலைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருத்தி, அவ்வளவுதான். எழுதி முடித்து எழுந்தால் உடம்பு பஞ்சாக இருக்கும். வீட்டார்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

3. ஒருநாள் மாமா, கிறீச்சிடும் குளியலறைக் கதவுக்கு அதனிடம் வழி கேட்டார். வந்த பதிலை, அவர் வழக்கப்படி, தெருவுக்கே கேட்கும் குரலில் வாசித்தார்: "நீங்கள் ஏங்கும், யாரும் கூப்பிடாத அந்த அறையின் நீலக் கதவுக்கும் இதே எண்ணெய் போதும்." மூவரும் என்னைப் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டனர்.

4. அடுத்த வாரம் பழைய சாமான் அறை காலியாகியிருந்தது. கதவில் நீல வண்ணம். உள்ளே ஒரு நாற்காலி. "அடைஞ்சு கிடந்துச்சும்மா, சும்மா ஒழிச்சேன்" என்றார் மாமா, கையில் பெயிண்டோடு. ஐயா, எனக்கு அழுகை வந்தது. ஆனாலும் அந்த அறைக்குள் இன்றுவரை என்னால் போக முடியவில்லை. யாருக்கும் தெரியாதவரைதான் அது என்னுடையதாக இருந்தது.

5. இத்தோடு போயிருந்தால் தங்களைத் தொந்தரவு செய்திருக்க மாட்டேன். பெயிண்ட் வாடை போக என்ன செய்யலாம் என்று நேற்று அதனிடம் கேட்டேன். அது வேறு பதில் சொன்னது. தலைவாரக் கை தூக்கும்போது வரும் வலியையும் அக்குளில் தட்டுப்படும் கட்டியையும் தள்ளிப்போட வேண்டாம், மருமகள் லீவு போட வேண்டியிருக்கும் என்று தயங்க வேண்டாம், உடனே மருத்துவரைப் பாருங்கள் என்றது. எனக்கு வலி இல்லை. எனக்கு மருமகளும் இல்லை. மாமாவுக்கோ வாருவதற்குத் தலையில் ஒன்றும் இல்லை. இந்தப் பத்தியை எழுதவே கை கூசுகிறது. படித்ததும் மறந்துவிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

6. எனக்கு உடம்பு சரியில்லை, துணைக்கு வாங்க என்று அத்தையை நாளை மருத்துவமனைக்கு அழைத்திருக்கிறேன். "உனக்கு என்னம்மா ஆச்சு?" என்று பதறியவர், என் நெற்றியைத் தொட இடக்கையைத் தூக்கி, பாதியில் இறக்கிக்கொண்டார். அங்கே போனதும், வந்ததே வந்தோம், நீங்களும் காட்டிக்கலாமே அத்தை என்று சொல்வதாக இருக்கிறேன். தன் வலியைத் தானே வாய்திறந்து சொல்லும் உரிமையாவது அவருக்கு மிஞ்ச வேண்டும்.

ஆகவே, எங்கள் நால்வர் பேச்சையும் செயலியின் நினைவிலிருந்து நீக்கவும், ஒரே கணக்கில் பலர் பேசினால் ஒருவர் சொன்னது மற்றவருக்குப் போகும் என்பதை முதல் திரையிலேயே பெரிய எழுத்தில் எச்சரிக்கவும் அதை நடத்தும் நிறுவனத்துக்கு உத்தரவிட வேண்டுகிறேன். காலதாமதம் கூடாது. மாமா ரோஜாச் செடிக்கு உரம் கேட்கத் துடித்துக்கொண்டிருக்கிறார். பதில் எதுவானாலும் சத்தமாகத்தான் வாசிப்பார்.

இப்போதைக்கு, காதுக்கம்பி தளர்ந்திருப்பதாகச் சொல்லி அவர் கண்ணாடியைக் கடைக்கு எடுத்து வந்துவிட்டேன். அதில் ஒரு பழுதும் இல்லை. தங்கள் உத்தரவு வரும்வரை அதை நான் பழுதுபார்த்துக்கொண்டே இருப்பேன்.

இடம்: கடையின் பின்மேசை
நாள்: திங்கட்கிழமை

தங்கள் விரைவை நம்பும்,
(கையொப்பம் உறைக்குள்)