விளக்கைக் குனிய வைத்த நாள்

ஜூலை 11, வெள்ளி

வீட்டுக்குப் பின்னாலுள்ள குப்பை பிரிக்கும் கூடத்தின் விளக்குகளை இன்று கீழ்நோக்கித் திருப்பிவிட்டார்கள். அந்த வெளிச்சத்தால் என் மனைவி கமலாவுக்கு ஒரு மாதமாகத் தூக்கமில்லை.

போன வாரம் விளக்கை அணைக்கச் சொல்லிக் கேட்டதற்குக் கூடத்து மேனேஜர், "லைட்ட அணைச்சா பொம்பளைங்க கைய கண்ணாடி கிழிச்சிடும் சார்" என்றார். நியாயம்தான். அவரை என் ஸ்கூட்டர் முன்னால் நிறுத்தி, பிரைட்டும் டிம்மும் போட்டுக் காட்டினேன். டிம்மில் ரோடு இருட்டாவதில்லை. எதிரே வருபவர் கண் தப்பிக்கிறது, அவ்வளவுதான்.

இன்று அங்கே வேலை செய்யும் செல்வி சொன்னார்: "மூஞ்சில அடிக்கல சார். கையாண்ட நல்லா வெளிச்சம் கீது."

ஓய்வு பெற்ற பிறகும் ஒரு பாடம் உருப்படியாக நடத்தியிருக்கிறேன். பெருமையாகத்தான் இருக்கிறது.

இதுவரை அவர்கள் வெளிச்சத்திலேயே டைரி எழுதினேன். இன்று மேசை விளக்கைப் போட வேண்டியதாயிற்று. கமலா கண்ணைத் திறக்காமலே சொல்கிறாள்: "வாத்தியாரே, உங்க லைட்டையும் கொஞ்சம் டிம் பண்ணுங்க."